ஐந்து, ஆறு, ஒன்பது, இரண்டு: உரைவழி விளையாட்டின் துபாஷியும் பம்பாய்த் தமிழும்

1970-களில் பம்பாயின் தென்கோடியான கொலாபாவில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கடலோர வளாகத்தில், டெக்சிஸ்டம்-10 என்னும் பெருங்கணினி ஒன்று இயங்கியது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு அங்கே உருவான தேசிய மென்பொருள் மையத்தின் இயந்திரம் அது. அம்மையத்தை வழிநடத்தியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியை வடிவமைத்த குழுவின் தலைவரும் அவரே. கணினி வரலாற்றில் அவர் பெயர் இந்தத் துறைக்காகவே நினைவுகூரப்படுகிறது. எனினும் அவருடைய பிற்கால உழைப்பின் பெரும்பகுதி மனிதர் மொழியை எவ்வாறு கற்கின்றனர் என்ற வினாவில் கழிந்தது. இக்கட்டுரையின் இறுதியில் அவரிடம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

கொலாபாவில் இருந்த இயந்திரத்தின் குடும்பம் பி.டி.பி-10 எனப்படும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கணினியில்தான், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வில் கிரௌதர் என்ற நிரலர் 1976 வாக்கில் ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார். கென்டக்கி மாநிலத்துக் குகைகளில் தாம் அலைந்து வரைந்த வரைபடங்களை அவர் அதில் சொற்களாக மாற்றினார். மறு ஆண்டு ஸ்டான்ஃபர்டைச் சேர்ந்த டான் உட்ஸ் அதை விரித்தெழுதினார. படமில்லை, ஒலியில்லை. திரையில் ஓர் இடத்தைப் பற்றிய வருணனை தோன்றும். விளையாடுபவர் ஒரு கட்டளையைத் தட்டுவார். அதன் விளைவு அடுத்த வருணனையாக வரும். விளக்கை எடுக்கலாம், கதவைத் திறக்கலாம், வடக்கே நடக்கலாம்.

பி.டி.பி-10 இயந்திரத்தின் நினைவகம் 36 பிட் கொண்ட அலகுகளால் ஆனது. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் என்றால் ஓர் அலகில் ஐந்து எழுத்து அடங்கும். ஒரு பிட் மிஞ்சும். ஆகவே ‘அட்வென்ச்சர்’ ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே பார்த்தது. அதன் விளைவாக ஆங்கிலத்தில் வடக்கு என்பதும் வடகிழக்கு என்பதும் அதற்கு ஒரே சொல்லாகத் தெரிந்தன. வடகிழக்கே செல்ல விரும்புவோர் இரண்டெழுத்துச் சுருக்கத்தைத் தட்டவேண்டியிருந்தது. ஒரு மொழியின் சொல்லுக்கு எத்தனை எழுத்துப் போதும் என்ற முடிவை இலக்கணம் எடுக்கவில்லை, கம்பிச்சுருளின் அகலம் எடுத்தது. இந்த வகை விளையாட்டின் வரலாற்றை ஐந்து, ஆறு, ஒன்பது என்ற எண்களின் வரிசையாகவே எழுதிவிடலாம். தமிழ் உள்ளே வரும்போது அந்த வரிசையில் இரண்டு என்ற எண்ணும் சேர்கிறது.

‘அட்வென்ச்சர்’ தந்த ஊக்கத்தால் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-இல் நால்வர் ‘ஸோர்க்’ என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினர். அதுவும் பி.டி.பி-10இல்தான் பிறந்தது. 1979-இல் அக்கழகத்தாரில் சிலர் இன்ஃபோகாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அவ்விளையாட்டை வீட்டுக் கணினிகளுக்கு விற்க விரும்பினர். அங்கேதான் சிக்கல். அன்றைய சிறு கணினிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. ஒவ்வொன்றுக்கும் விளையாட்டைப் புதிதாக எழுதினால் நிறுவனம் மூழ்கிப்போகும். ஜோயல் பெரெஸும் மார்க் பிளாங்கும் கண்ட தீர்வு, எங்குமே இல்லாத ஒரு கணினியைத் தாளில் வடிவமைப்பது. அதற்கு இஸட்-மெஷின் என்று பெயர். விளையாட்டுகள் யாவும் அந்தக் கற்பனைக் கணினிக்காக ஒரே கோப்பாக எழுதப்படும். ஆப்பிளுக்கோ, டேண்டிக்கோ, கமடோருக்கோ ஒரு சிறு இயக்கிநிரல் மட்டும் தனித்தனியே எழுதப்படும். அந்த இயக்கிநிரல் கதைக்கோப்பைப் படித்து, உண்மையான இயந்திரத்துக்குப் புரியும்படி நடத்திக்காட்டும்.

ஆங்கிலத்தில் இவ்வியக்கிநிரலை இன்டர்பிரிட்டர் என்கின்றனர். தமிழில் ‘வரிமொழி மாற்றி’ என்ற கலைச்சொல் உண்டு. ஆனால் அது இங்கு நடப்பதைக் காட்டுவதில்லை. பொருந்தும் பழஞ்சொல் துபாஷி. புதுச்சேரியில் துப்ளேக்ஸுக்கும் ஊராருக்கும் இடையே ஆனந்தரங்கப் பிள்ளை நின்ற இடம் அது. துபாஷிக்கு இரண்டு மொழி தெரியும்; சரக்கு அவருடையதன்று; பேரம் அவர் வழியாகவே நடக்கும். எந்தச் சொல்லை அவர் கேட்டும் கேளாததுபோல் விட்டுவிடுகிறார் என்பதில்தான் வரலாற்று மாணவருக்கு அக்கறை.

இன்ஃபோகாம் 1986-இல் ஆக்டிவிஷனுக்கு விற்கப்பட்டு 1989-இல் மூடப்பட்டது. ஆனால் கதைக்கோப்புகள் எஞ்சின. ஆர்வலர்கள் அவற்றைப் பிரித்து ஆராய்ந்து இஸட்-மெஷினின் விதிகளைக் கண்டெடுத்தனர். 1993-இல் கிரஹாம் நெல்சன் ‘இன்ஃபார்ம்’ என்னும் தொகுப்பியை வெளியிட்டார்; அதன்பின் யாரும் புதிய கதைக்கோப்பு எழுதலாம் என்றாயிற்று. 1995-இல் ஸ்டெஃபான் யோகிஷ் ‘ஃப்ராட்ஸ்’ என்ற இயக்கிநிரலை எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட விதேஷ் சஞ்சார் நிகாம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. ஃப்ராட்ஸ் என்ற பெயர் இன்ஃபோகாமின் ‘என்சாண்டர்’ விளையாட்டில் வரும் ஒரு மந்திரச்சொல். அதை உச்சரித்தால் சொன்ன பொருள் விளக்குப்போல் ஒளிவிடும்.

ஃப்ராட்ஸைப் பயன்படுத்துவது எளிது. விண்டோஸில் டேவிட் கிண்டர் உருவாக்கிய பதிப்பில் கதைக்கோப்பைத் திறந்தால் போதும்; எழுத்துருவும் வண்ணமும் பட்டியல்களில் மாற்றிக்கொள்ளலாம். யூனிக்ஸ், லினக்ஸ் முனையங்களில் கட்டளைவரியில் நிரலின் பெயர், அதன்பின் விருப்பக் குறிகள், இறுதியில் கோப்பின் பெயர். திரையின் அகலம் எத்தனை எழுத்து, உயரம் எத்தனை வரி, முன்னிறம், பின்னிறம், ஒலி வேண்டுமா, செய்ததை எத்தனை முறை திரும்பப்பெறலாம் என்பனவற்றை அக்குறிகளால் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் தட்டச் சோம்பல் என்றால், வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு மறைகோப்பில் அவற்றை எழுதிவைக்கலாம். ஒற்றை எழுத்துச் சுருக்கங்களை முழுச் சொல்லாக விரித்துத் தரும் குறியும் உண்டு. மார்ட்டின் ஃப்ராஸ்ட் 1997-இல் வகுத்த ‘குவெட்சல்’ வடிவத்தால் ஓர் இயக்கிநிரலில் சேமித்த ஆட்டத்தை வேறோர் இயக்கிநிரலில் தொடர முடிகிறது.

இவற்றிடையே ‘டேண்டி பிட்’ என்றொரு விசித்திரமான குறி இருக்கிறது. டேண்டி நிறுவனக் கடைகளில் விற்ற படிகளுக்காக இன்ஃபோகாம் வைத்த ரகசியச் சைகை அது. அச்சைகை இயங்கினால் சில விளையாட்டுகள் தம் உரையை அடக்கமாக மாற்றிக்கொள்ளும். ‘ஸோர்க்’ தனக்குத் தொடர்ச்சி உண்டு என்பதையே மறைக்கும். ஒரு வணிகரின் மனம் கோணாமல் இருக்க ஒரு பிட் ஒதுக்க முடிந்தது. மொழிக்காக ஒதுக்கிய இடம் எவ்வளவு என்பதைப் பார்க்கும்போது இந்தச் சிறு செய்தி நினைவில் இருப்பது நல்லது.

ஃப்ராட்ஸின் அமைப்புப் பட்டியல் முழுவதையும் படித்துமுடிப்பவருக்கு ஒன்று தெளிவாகும்: அதில் திரையைப் பற்றிய கேள்விகள் உண்டு; மொழியைப் பற்றிய கேள்வி இல்லை. அது மறதியன்று. இஸட்-மெஷினில் மொழி கதைக்கோப்பின் பொறுப்பு. எழுத்துகளின் வரிசை, அகராதி, வினைச்சொற்களின் இலக்கணம் அனைத்தும் கோப்புக்குள் இருக்கின்றன. இயக்கிநிரல் செய்வது, தட்டப்பட்ட சொல்லைக் கோப்பு சொன்ன முறையில் சுருக்கி அகராதியில் தேடுவது மட்டுமே. அந்தச் சுருக்கும் முறைதான் தமிழுக்குத் தடையாகிறது.

1980-களின் சிறு கணினிகளில் இடம் பொன்போன்றது. எனவே இஸட்-மெஷின் ஓர் எழுத்துக்கு எட்டு பிட் தராமல் ஐந்து பிட் தந்தது. பதினாறு பிட்டில் மூன்று எழுத்து அடங்கும். மிஞ்சிய ஒன்று சொற்றொடர் முடிவைக் காட்டும். ஐந்து பிட்டால் 32 குறிகளே கிடைக்கும் என்பதால் எழுத்துகள் மூன்று அடுக்காக வைக்கப்பட்டன. முதல் அடுக்கில் ஆங்கிலச் சிற்றெழுத்து 26. இரண்டாவதில் பேரெழுத்து 26. மூன்றாவதில் எண்களும் நிறுத்தக்குறிகளும். முதல் அடுக்கு எழுத்துக்கு ஓர் அலகு செலவு. மற்ற அடுக்குகளுக்கு ஒரு தாவல் குறியும் சேர்ந்து இரண்டு அலகு. எந்த அடுக்கிலும் இல்லாத எழுத்துக்கு நான்கு: தாவல் ஒன்று, ‘இனி வருவது வேற்றெழுத்து’ என்ற எச்சரிக்கை ஒன்று, எழுத்தின் எண்ணை இரு பாதியாகப் பிளந்து இரண்டு. அகராதிச் சொல்லுக்கு ஒதுக்கிய இடமோ மூன்றாம் பதிப்புவரை ஆறு அலகு. நான்காம் பதிப்பிலிருந்து ஒன்பது.

ஆங்கிலத்துக்கு ஒன்பது போதும். ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்கண்டிநேவிய மொழிகளின் சிறப்பெழுத்துகள் 69 இயல்பாகவே பட்டியலில் இடம்பெற்றன. 1997-இல் நெல்சன் வெளியிட்ட தரநிலை மேலும் தாராளம் காட்டியது. கதைக்கோப்பு விரும்பினால் அப்பட்டியலை நீக்கிவிட்டுத் தனக்கு வேண்டிய யூனிகோடு எழுத்துகள் 97 வரை அமர்த்திக்கொள்ளலாம். யூனிகோட்டின் தமிழ்த் தொகுதியில் உள்ள குறிகள் 72. தமிழ் எண்களும் பழைய கணக்குக் குறிகளும் உட்பட எல்லாம் 97-க்குள் அடங்கிவிடும். தமிழ் எழுத்து 247 என்று கற்று வந்தவருக்கு இது நற்செய்தியாகத் தோன்றும்.

ஆனால் பட்டியலில் அமர்வது வேறு, அடுக்கில் அமர்வது வேறு. பட்டியலில் மட்டும் உள்ள எழுத்து ஒவ்வொன்றும் நான்கு அலகு விழுங்கும். ஒன்பது அலகில் இரண்டு எழுத்து அடங்கும். மீதி ஓர் அலகில் மூன்றாம் எழுத்தின் தாவல் குறி மட்டும் நிற்கும், அதுவும் எல்லாச் சொல்லுக்கும் ஒன்றே. இங்கே எழுத்து என்பது உயிர்மெய்யைக் குறிப்பதன்று. யூனிகோடு உயிர்மெய்யை மெய்யுருவாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்துவைப்பதால் ‘வி’ என்பதே இரண்டு. ஆக, விளக்கு, விறகு, விதை, வில், விரல் ஆகிய ஐந்தும் அகராதியில் ‘வி’ என்ற ஒரே சொல்லாகிவிடும். குகைக்குள் நிற்பவர் விளக்கை ஏற்றச் சொன்னால் விரலை ஏற்றுவதா என்று இயந்திரம் குழம்பும். அது தன் குழப்பத்தை அறியவும் அறியாது.

இதற்கு மருந்து உண்டு. ஐந்தாம் பதிப்பு முதல் கதைக்கோப்பு அந்த மூன்று அடுக்குகளையே மாற்றியமைக்கலாம். இன்றைய தமிழ் உரைநடைக்கு வேண்டியவை உயிர் 12, ஆய்தம், மெய் 18, உயிர்க்குறிகள் 11, புள்ளி, வழக்கிலுள்ள கிரந்தம் நான்கு என ஏறத்தாழ 47 குறிகள். அடிக்கடி வரும் 26-ஐ முதல் அடுக்கில் வைக்க வேண்டும். எவை அந்த 26 என்பது மொழியியல் மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் சொல்லெண்ணிக்கை எடுத்து விடைகாணக்கூடிய கேள்வி. புள்ளியே முதலிடம் பெறும் என ஊகிப்பது கடினமன்று. இவ்வாறு அமைத்தால் ‘விளக்கு’ ஏழு அலகில் முழுமையாக அடங்கும். நான்கு பங்கு செலவு ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் இதைச் செய்ய வேண்டியவர் விளையாட்டை எழுதுபவர். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஃப்ராட்ஸை நிறுவி விளையாடுபவர் தம் மறைகோப்பில் எத்தனை வரி எழுதினாலும் ஓர் எழுத்தைக்கூட முதல் அடுக்குக்கு உயர்த்த முடியாது.

எழுத்தைத் திரையில் காட்டுவதில் உள்ள தொல்லை வேறு வகை. முனையத்திரை சதுரங்கப் பலகை போன்றது. ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்று இஸட்-மெஷின் எண்ணுகிறது. தமிழில் புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது. ‘கொ’ என்பதில் சேமிப்பில் பின்னால் வரும் குறி திரையில் எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. எனவே மேல்வரியில் இடத்தின் பெயரும் மதிப்பெண்ணும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இந்திய எழுத்துகளை யூனிக்ஸ் திரையில் காட்டும் சிக்கலை மும்பையிலேயே ஒரு குழு நேருக்கு நேர் எதிர்கொண்டது. கொலாபா மையத்தின் வழித்தோன்றலாக 1985-இல் எஸ். ரமணியின் தலைமையில் ஜூகுவில் அமைந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், 2000-களின் தொடக்கத்தில் ‘இண்டிக்ஸ்’ என்ற பெயரில் எக்ஸ் விண்டோ அமைப்புக்குள்ளேயே இந்திய எழுத்துகளைக் கோக்கும் வழியை உருவாக்கியது. இன்று உலாவியில் இயங்கும் ‘பார்ச்மென்ட்’ போன்ற இயக்கிநிரல்களில் எழுத்தைக் கோக்கும் வேலை உலாவியைச் சேர்ந்தது. கைப்பேசியிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும். காட்சிச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது எனலாம். அகராதிச் சிக்கல் தீரவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும்: தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் என்ன? பம்பாய்த் தமிழரைப் பொறுத்தவரை இது வெறும் குறுக்குவழியன்று, வரலாறு. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய தென்னிந்திய எழுத்தர்களுக்கு ஆங்கில விசைப்பலகை சோறு போட்டது. 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளி மாட்டுங்காவில் வளர்ந்ததும் அந்தக் குடியேற்றத்தை ஒட்டியே. 1960-களில் ‘மார்மிக்’ இதழ் அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியர் பெயர்ப்பட்டியலை வெளியிட்டபோது, 1966-இல் சிவசேனை தோன்றியபோது, குறிவைக்கப்பட்டதும் அந்த விசைப்பலகை வேலைதான். அவ்வீடுகளின் பேரப்பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவர். தமிழ் எழுத்தை வாசிப்பதில்லை. குறுஞ்செய்தியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவர். தாராவியின் கதை வேறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழியினர் அங்கே மிகுதி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் நடத்தும் பள்ளிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. அங்கே படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தே முதல் எழுத்து. ஆங்கில எழுத்துப் போதும் என்ற முடிவு இந்தப் பிள்ளையை வெளியே நிறுத்துகிறது. தமிழ் எழுத்து மட்டுமே என்ற முடிவு செம்பூர்ப் பிள்ளையை வெளியே நிறுத்துகிறது. இடையில் சில கிலோமீட்டர் தொலைவே.

தொழில்நுட்பக் கண்ணோடு பார்த்தால் ஆங்கில எழுத்துத் தமிழில் எதிர்பாராத ஒரு வினோதம் காத்திருக்கிறது. விளக்கு என்பதை ஆங்கில எழுத்தில் வி, ஐ, எல், ஏ, கே, கே, யூ என ஏழெழுத்தாகத் தட்டுவர். விளக்கை என்றால் இறுதி யூ போய் ஏ, ஐ வரும். விளக்கில், விளக்கால், விளக்கோடு என எந்த வேற்றுமை ஏறினாலும் முதல் ஆறெழுத்து மாறுவதில்லை. ஆறெழுத்தோடு நிறுத்திவிடும் பழைய மூன்றாம் பதிப்புக்கு இவை யாவும் ஒரே சொல். அதாவது, நினைவகப் பஞ்சத்தால் வந்த கத்தரி, தமிழின் வேற்றுமை உருபைத் தானே கத்தரித்துவிடுகிறது. கதவு, கதவை, கதவால் என்பவற்றுக்கும் அப்படியே. ஒன்பதெழுத்துப் புதிய பதிப்பில் இந்த வசதி போய்விடுகிறது; விளக்கும் விளக்கையும் தனித்தனிச் சொல்லாகின்றன. முன்னேற்றம் தமிழுக்குப் பின்னடைவாகும் அரிய இடம் இது. எனினும் இந்த அதிர்ஷ்டத்தை நம்பிக் கட்டடம் எழுப்ப முடியாது. பெட்டி ஐந்தெழுத்து, பெட்டியை என்றதும் ஆறாவதாக ஒய் வந்து சொல் மாறிவிடும். மரம் மரத்தை ஆகும்போது ஐந்தாம் எழுத்திலேயே வழி பிரிகிறது. தவிரவும், கதவைத் தட்டும்போது ஒருவர் டி, எச் இடுவார். இன்னொருவர் டி, எச்-சுக்கு முன்னால் எதுவும் இல்லாமல் வெறும் டி இடுவார். ழகரத்துக்கு எத்தனை எழுத்துக்கூட்டு என்பது எல்லோரும் அறிந்ததே.

உருபைக் கத்தரியால் வெட்ட முடியாது. இலக்கணத்தால்தான் களைய முடியும். அதற்கான இடத்தை நெல்சன் ஒதுக்கிவைத்தார் என்பது அவருக்குச் சேரவேண்டிய பெருமை. இன்ஃபார்மின் நூலகத்தில் ஆங்கிலம் பற்றிய செய்திகள் தனிக் கோப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம் முதலிய மொழிகளுக்கு மாற்றுக் கோப்புகள் எழுதப்பட்டன. ரஷ்ய மொழியின் வேற்றுமைகளைக் கையாள ‘ஆர்இன்ஃபார்ம்’ வந்தது. விளையாடுபவர் தட்டிய வரியை இலக்கணப் பகுப்பாய்வி தொடுமுன் ஒரு சிறு நிரற்கூறு அதை வாங்கி, வேண்டியபடி திருத்தி, மீண்டும் கொடுக்கலாம். அந்த நிலையில் வரி முழுமையாக இருக்கும். ஒன்பதுக் கத்தரி இன்னும் விழுந்திருக்காது. துபாஷிக்குள் இன்னொரு துபாஷி.

தமிழுக்கு அந்தக் கூறு என்ன செய்யவேண்டும்? ‘விளக்கைப் பெட்டிக்குள் வை’ என்ற வரியை எடுத்துக்கொள்ளலாம். பகுப்பாய்வி வினை முதலில் வரும் என எதிர்பார்க்கிறது. தமிழில் வினை இறுதியில் நிற்கிறது. ஆகவே ‘வை’ முன்னால் போகவேண்டும். ‘விளக்கைப்’ என்பதன் இறுதிப் பகரமெய் அந்தச் சொல்லுக்கு உரியதன்று, அடுத்த சொல்லின் முதலெழுத்தால் மிகுந்தது, அதைக் களையவேண்டும். பின் ஐ உருபைப் பிரித்துக் குற்றியலுகரத்தை மீட்கவேண்டும். ‘பெட்டிக்குள்’ என்பதில் கு உருபும் உள் என்ற சொல்லுருபும் பெயரோடு ஒட்டியுள்ளன. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும் முன்னிடைச்சொல்லின் இடத்துக்கு அவற்றைப் பெயர்த்தெடுக்கவேண்டும். நன்னூலின் புணரியல் படித்தவருக்கு இதில் புதிதாக எதுவுமில்லை. விதிகளை எதிர்த்திசையில் ஓட்டவேண்டும், அவ்வளவே.

எதிர்த்திசையில் ஓட்டும்போது சில கதவுகள் இரண்டாகத் திறக்கும். ‘ஸோர்க்’ விளையாட்டில் ஒரு வாள் வருகிறது. ‘வாளை எடு’ என்றால் வாளை எடுப்பதா, வாளை மீனை எடுப்பதா? தமிழில் அஃறிணைப் பெயருக்கு ஐ உருபு கட்டாயமன்று; ‘மீன் எடு’ என்பது வழக்கே. ஆகவே இரண்டு பொருளும் இலக்கணத்துக்கு உடன்பாடு. அறையில் எது கிடக்கிறது என்று பார்த்தே முடிவுசெய்ய இயலும். நல்லவேளையாக இவ்வகைப் பகுப்பாய்வியின் பலமே அதுதான்: கண்முன் இருக்கும் பொருள்களைக் கொண்டு ஐயத்தை நீக்குவது.

இதைவிடக் கடினமானது இலக்கண நூலில் தீராத ஒரு கேள்வி. ஆங்கில ஏவல்வினை யாருக்கும் ஒரே வடிவம். தமிழில் கட்டளையிடுபவர் முதல் சொல்லிலேயே உறவை அறிவித்துவிடுகிறார். நெல்லைப் பேச்சின் சாயல் மாறாத தாராவி வீட்டில் இளையவனிடம் ‘எடுல’, மூத்தவரிடம் ‘எடுங்க’. மாட்டுங்காவின் பிராமணப் பேச்சில் ‘எடுங்கோ’, இன்னும் இயல்பாக ‘எடுத்துக்கோங்கோ’. செம்பூரில் இவையெல்லாம் ஒரே மாடிப்படியில் கேட்கும், பாலக்காட்டுத் தமிழும் கலந்து. அறிவிப்புப் பலகையின் தமிழோ ‘எடுக்கவும்’. தமிழ் மென்பொருள் பட்டியல்களில் ‘சேமி’யா, ‘சேமிக்க’வா, ‘சேமிக்கவும்’ஆ என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. இயந்திரம் திருப்பிப் பேசும்போதும் இதே இக்கட்டு: விளையாடுபவரை ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா? ஆங்கில நூலகத்தின் ஒவ்வொரு பதிலிலும் அந்தச் சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஒரு முறை தேர்ந்தால் நூற்றுக்கணக்கான வரிகளில் அது உறைந்துவிடும்.

‘எடு’ என்ற அடியை மட்டும் அகராதியில் வைத்துவிட்டு, பிற வடிவங்களைத் தட்டுபவரிடம் ‘அச்சொல் தெரியாது’ என்று சொல்வது எளிது. அப்படிச் செய்தால் பாடநூல் தமிழ் மட்டுமே குகைக்குள் நுழையும். எல்லா வடிவத்தையும் அகராதியிலேயே ஏற்றலாம் என்றால் ஒன்பது மீண்டும் குறுக்கே நிற்கும். எழுத்துகள் அனைத்தும் முதல் அடுக்கில் இருப்பதாகக் கொண்டாலும் ‘எடுத்துக்கொள்’ என்பது ‘எடுத்துக்’ என்றே பதிவாகும். ‘எடுத்துக்கூறு’ம் அதுவே, ‘எடுத்துக்காட்டு’ம் அதுவே. கையில் எடுப்பதும் வாயால் சொல்வதும் ஒரே செயலாகிவிடும். 1999-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் வடிவமைத்த ‘க்ளல்க்ஸ்’ என்ற மாற்றுக் கற்பனைக் கணினியில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துள்ளது. அகராதிச் சொல்லின் நீளத்தைத் தொகுக்கும்போது நீட்டலாம். ஒவ்வொரு எழுத்தையும் முழு யூனிகோடு எண்ணாகவே வைக்கலாம். தமிழில் எழுத முனைபவர் அங்கிருந்து தொடங்குவதே அறிவுடைமை. ஆனால் நீளம் கூடினால் எத்தனை வடிவம் என்ற கேள்வி தீராது. அகராதிக்குள் யாருடைய தமிழ் என்ற கேள்வியும் தீராது.

அதற்கு விடை காணத் தரவு வேண்டும். இந்த இடத்தில் நரசிம்மன் மீண்டும் வருகிறார். அவரும் ஆர். வைத்தியநாதனும் 1980-களில், தமிழ்க் குழந்தை ஒன்று பெரியவர்களோடு உரையாடியதை மாதக்கணக்கில் தொடர்ந்து பதிவுசெய்தனர். அப்பதிவுகள் உலகக் குழந்தைமொழிக் காப்பகமான ‘சைல்ட்ஸ்’ தொகுப்பில் இடம்பெற்றன. குழந்தைத் தமிழில் வினாவும் எதிர்மறையும் எவ்வாறு வளர்கின்றன என்று வைத்தியநாதன் எழுதிய கட்டுரைகள் ‘ஜர்னல் ஆஃப் சைல்ட் லாங்குவேஜ்’ இதழில் 1988-லும் 1991-லும் வெளிவந்தன. மொழியைப் பற்றிய கருத்தை முதலில் வகுத்துவிட்டுப் பேச்சை அதற்குள் திணிக்காமல், பேச்சைக் கேட்டுவிட்டுக் கருத்துக்குச் செல்லும் முறை அது. கணினி அறிவியலின் முன்னோடி ஒருவர், இயந்திரம் கட்டிய பிறகு, இந்த முறையைத் தேர்ந்தார் என்பது கருதத்தக்கது.

ஃப்ராட்ஸில் இதற்கு உதவும் ஓர் ஏற்பாடு உண்டு. அமைப்புப் பட்டியலில் பலரும் தாண்டிச்செல்வது. ஆட்டத்தின் நடுவே பதிவைத் தொடங்கச் சொன்னால், திரையில் வந்ததும் விளையாடுபவர் தட்டியதும் தனிக் கோப்பில் எழுதப்பட்டுக்கொண்டே வரும். தட்டிய கட்டளைகளை மட்டும் தனியே சேகரிக்கவும் முடியும். பதிவுக் கோப்பின் வரி அகலத்துக்குத் தனி விருப்பக்குறியும் இருக்கிறது. ஒரு சிறு அறை, ஒரு பெட்டி, ஒரு விளக்கு, பூட்டிய ஒரு கதவு மட்டும் உள்ள கதைக்கோப்பைத் தாராவியின் தமிழ்வழி மாணவர்களிடமும், மாட்டுங்கா, செம்பூர்க் கல்லூரி மாணவர்களிடமும் கொடுக்கலாம். எந்த எழுத்தில், எந்த ஏவலில் தட்டவேண்டும் என்று எதுவும் சொல்லாமல் விடவேண்டும். முதல் வாரத்தில் இயந்திரம் ஏறக்குறைய ஒவ்வொரு வரிக்கும் புரியவில்லை என்றே பதில் சொல்லும். அந்த வாரத்துக் கோப்பே வேண்டியது. ‘எடுல’ எத்தனை முறை, ‘எடுங்கோ’ எத்தனை முறை, ஆங்கில எழுத்தில் எத்தனை, உருபோடு எத்தனை, உருபின்றி எத்தனை, வினையை முன்னால் போட்டவர் யார், பூட்டிய கதவிடம் ‘தயவுசெய்து’ என்று கேட்டவர் யார் என்பன அதில் வரிசையாக இருக்கும்.